வேறு இடத்தில் வாங்கிய சாமான்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே சொல்வார், அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வரும்.

நாங்கள் இரண்டு பேரும் கடலில் முக்குளிக்கிறவர்களுக்குச் சாமான் விற்கிறோம். படகுத்துறைக்குப் போகிற தெருவில் கடை. முன்னால் அவர், பின்னால் நான். முன்னால் மாஸ்க், காலில் மாட்டும் துடுப்பு, ரப்பர் உடுப்பு எல்லாம் கண்ணாடி அலமாரியில் இருக்கும். பின்னால் கம்ப்ரஸர், சிலிண்டர் வரிசை, என் மேஜை. அந்த மேஜையில் உட்கார்ந்துதான் ரெகுலேட்டர்களைப் பிரித்து, கழுவி, தேய்ந்த வாஷரை மாற்றி, மறுபடி பூட்டுகிறேன். சிலிண்டருக்குள் அடைத்து வைத்த காற்றை அடக்கி, வாய்க்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் கொடுக்கிற கருவி அது. ஒரு பக்கம் சிலிண்டரில் மாட்டும், மறுபக்கம் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. வருகிற ரெகுலேட்டர் யாருடையது என்று சீட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். கடிக்கிற ரப்பரில் அவரவர் பல் தடம் இருக்கும். சிலருடைய முகம் எனக்கு மறந்துவிட்டது, பல் மறக்கவில்லை.

கடை வாசலில் மூன்று மாசம் ஒரு போர்டு தொங்கியது. அதை எழுதியவள் நான். ஏன் எழுதினேன் என்று கேளுங்கள்.

ஒருநாள் ஒரு பெண் மாஸ்க் வாங்க வந்தாள். மாஸ்க் விற்பதில் எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு முறை உண்டு. வாரை மாட்டவே விடமாட்டார். முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை இழுத்து, கையை விடச் சொல்வார். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால்தான் அது அந்த முகத்துக்கான மாஸ்க். பதினோரு மாஸ்க் விழுந்தது. ஒரு மணி நேரம் ஆனது. பன்னிரண்டாவது சும்மா கப்பென்று ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் கை தட்டினார்கள். அந்தப் பெண் பெட்டியைத் திருப்பி ஒரு போட்டோ எடுத்தாள். அப்புறம் எங்கள் கடையில், எங்கள் ஸ்டூலில், எங்கள் ஃபேன் காற்றில் உட்கார்ந்துகொண்டே போனைத் தட்டினாள்.

"அண்ணா, இதுல மீடியமா லார்ஜான்னு கேக்குது. எனக்கு எது?"

"மீடியம்தாம்மா. கறுப்பு எடுத்துக்கோங்க, கண்ணு கூசாது" என்றார் இந்த மகானுபாவர்.

"நாளைக்கே வந்துடுமாம். ரொம்ப தேங்க்ஸ்ண்ணா."

வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வேறு வந்தார்.

"ஏங்க, உங்களுக்கு வெக்கமாவே இல்லையா?"

"அந்தப் பொண்ணு முகத்துக்குச் சரியானது கெடச்சுதுல்ல?"

"அவளுக்குக் கெடச்சுது. நமக்கு என்ன கெடச்சுது?"

கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். "தேங்க்ஸ் கெடச்சுதே" என்றார்.

அன்று சாயந்தரம்தான் ஒரு அட்டையைக் கிழித்து, தடிப் பேனாவால் எழுதி வாசலில் மாட்டினேன். 'வேறு இடத்தில் வாங்கிய சாமான்களுக்கு இங்கே சர்வீஸ் கிடையாது.' கிடையாது என்பதற்குக் கீழே இரண்டு கோடு. நெட்டில் பாதி விலைக்கு வாங்குவார்களாம், அது கெட்டுப்போனால் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்களாம். நான் என்ன நேர்ந்துவிட்டவளா?

மறுநாள் என் தம்பி வந்தான். சின்னவன் என்று கூப்பிடுவோம். ஆறடி உயரம், முப்பத்தெட்டு வயசு, அவனுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது. இருந்தாலும் எங்களுக்குச் சின்னவன்தான். கடலில் கூண்டு கட்டி மீன் வளர்க்கிற பண்ணையில் அவனுக்கு வேலை. வலை கிழிந்தால் கூண்டுக்குள் இறங்கித் தைக்க வேண்டும். அம்மா வேலைக்குப் போன நாளெல்லாம் அவனை இடுப்பில் வைத்துத் தூக்கித் திரிந்தவள் நான். அவனுக்குப் பன்னிரண்டு வயசாக இருந்தபோது அவனை சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து, வேகமாகத் திருப்பிக் கீழே தள்ளி, இடப்பக்கக் கோரைப்பல்லைப் பாதியாக உடைத்தவளும் நான்தான். அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான்.

போர்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது வர்ற ஆளையும் வெரட்டிடும்க்கா" என்றான்.

"நீ போய் மீனப் பாரு. கடைய நான் பாத்துக்கறேன்."

"நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"உன்கிட்ட யாரு யோசன கேட்டா? காலணா குடுத்து ஒரு சாமான் வாங்கியிருப்பியா இந்தக் கடையில? பேச வந்துட்டான்!"

வாய் தவறி வந்துவிட்டது. வந்த வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது. படியிறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு கடைப் பக்கம் வரவில்லை. அவனுக்கு வேண்டிய சிலிண்டர்களை எங்கள் வீட்டுக்காரர்தான் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்த் துறையில் கொடுத்துவிட்டு வருவார். எனக்கு வாரத்துக்கு ஒரு மெசேஜ் வரும். 'நல்லா இருக்கேன்.' நானும் 'சரி' என்று போடுவேன். நானே போய்ப் பேசியிருக்கலாம். தம்பிதானே முதலில் வரவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அந்த மூன்று மாசமும் ஒருநாள்கூட நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்காரர் ஒரு ரெகுலேட்டரை முன்பக்கம் சிலிண்டரில் மாட்டித் திறந்து பார்த்தார். அப்புறம் அதை ஒரு தட்டில் வைத்து என் மேஜைக்குக் கொண்டு வந்தார். சீட்டில் பெயர் இல்லை.

"யாருது?"

"ஒரு ஆளோடது. கொஞ்சம் பாத்துக் குடேன்."

"நம்ம கடையில வாங்கினதா?"

மனுஷனுக்குப் பொய் சொல்லவே வராது. மேலே ஃபேனைப் பார்த்தார்.

"போர்டுல என்ன எழுதியிருக்கு, படிங்க."

"ஒரே ஒரு தடவம்மா."

"மூணு மாசத்துல ஏழு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். இவரு மட்டும் என்ன ஒசத்தி?"

சொல்லிக்கொண்டே அதைக் கையில் எடுத்தேன். பழக்கம், கை முதலில் கடிக்கிற ரப்பருக்குத்தான் போகும். வலப்பக்கம் மென்று தின்றதுபோல் ஆழமாகப் பதிந்திருந்தது. இடப்பக்கம் அரைப் பல்லின் தடம்.

என் கையாலே உடைத்த பல். எனக்குத் தெரியாதா?

அப்படியே ஆடிப்போய்விட்டேன். என் கூடப் பிறந்தவன், நான் தூக்கி வளர்த்தவன், அக்கா கடை குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நெட்டில் வாங்கியிருக்கிறான். அதை என் புருஷனையே கூட்டுச் சேர்த்துக்கொண்டு என் மேஜைக்கு அனுப்பியிருக்கிறான். ஊரில் யார் வேண்டுமானாலும் வாங்கட்டும், இவனுமா?

"மாமனும் மாப்ளயுமா சேந்து நாடகமா ஆடறீங்க?"

"இல்லம்மா, அவன்தான் வேற வழியில்லாம..."

"ஒரு வார்த்த பேசக் கூடாது! கொண்டு போய் அவன் மூஞ்சியில வீசிட்டு வாங்க. இதுல என் விரல்கூடப் படாது."

நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர் ரெகுலேட்டரைப் பையில் போட்டு, நிரப்பி வைத்த சிலிண்டர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு துறைக்குப் போனார். நான் உட்கார்ந்து அழுதேன். அழுதேன் என்று சொல்ல எனக்கென்ன வெட்கம்? கோபத்தில் பாதி எனக்கு எப்போதும் அழுகைதான்.

அரை மணியில் திரும்பி வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த சிலிண்டரைக் கம்ப்ரஸரில் மாட்டிக்கொண்டிருந்தேன். மரை சரியாக உட்காராமல் லேசாகக் காற்று கசிந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு ஏதோ உறுத்தியது. காலையில், அவர் முன்பக்கம் நின்றபோது, டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டேன். பல்லி என்று நினைத்துக்கொண்டேன். சுவரை நிமிர்ந்து பார்த்தேன். இந்தக் கம்ப்ரஸர் போடுகிற கூச்சலில் பல்லி எங்கே தங்கும்? இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பல்லியைக் கண்டதில்லை.

"ஏங்க, காலையில அத மாட்டிப் பாத்தீங்கள்ல, டிக் டிக்னு சத்தம் வந்துதா?"

"ஆமா. அதுக்குத்தானே குடுத்து விட்டான். வாயில வெக்காம இருக்கும்போதே அப்பப்போ காத்து கக்குதாம்."

"எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவ?"

"மூணு நாலு செகண்டு இருக்கும்."

அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவள் இந்தத் தெருவிலேயே நான் ஒருத்தி. உள்ளே காற்றை அடக்குகிற வால்வு சரியாக மூடவில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஏதோ ஒரு நிமிஷத்தில் மொத்தக் காற்றும் பீறிட்டுக்கொண்டு வெளியே கொட்டும். திறந்த கடலாக இருந்தால் மேலே வந்துவிடலாம். சின்னவன் இறங்குவது கூண்டுக்குள். தலைக்கு மேலேயும் வலை.

"இன்னைக்கு எறங்கறானா?"

"எறங்காதடான்னு சொன்னேன். காலையில பெருசா வல கிழிஞ்சு மீனெல்லாம் போய்ட்டு இருக்காம். பதினொண்ணரைக்குப் படகு."

மணி பதினொன்று இருபது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. கண்ணாடி அலமாரியைத் திறந்தேன். எங்களிடம் இருக்கிறதிலேயே உசத்தியான ரெகுலேட்டர் அதில் இருக்கிறது. ஒரு வருஷமாக எல்லாரும் தடவிப் பார்த்துவிட்டு, விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனது. அதையும் என் பிரஷர் கேஜையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

"கடைய?" என்று பின்னால் கத்தினார்.

"பூட்டிட்டு எங்கயாவது போங்க!"

துறையில் போய்ச் சேர்ந்தபோது படகோட்டி கயிறை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சின்னவன் ரப்பர் உடுப்போடு உட்கார்ந்திருந்தான். அந்தப் பாழாய்ப்போன ரெகுலேட்டர் சிலிண்டரில் மாட்டியிருந்தது.

"நிறுத்துங்க! எவனாவது படகை எடுத்தீங்க, நடக்கறதே வேற!"

படகோட்டி கயிறை அப்படியே விட்டுவிட்டார். நான் செருப்போடு படகில் குதித்தேன். சின்னவன் எழுந்து நின்றான்.

"அக்கா, நான் சொல்றதக் கேளு..."

"வாய மூடிட்டு உக்காரு."

மிதவை ஜாக்கெட்டுக்குக் காற்று போகிற குழாயைக் கழற்றி அந்த முனையில் கேஜை மாட்டினேன். சிலிண்டரைத் திறந்தேன். முள் ஒன்பதரையில் போய் நின்றது. நிற்க வேண்டிய இடம் அதுதான். "பாரு, சரியாத்தானே இருக்கு" என்று ஆரம்பித்தான். நான் முள்ளைக் காட்டினேன். முள் பத்துக்கு வந்தது. பதினொன்று. டிக். டிக். பன்னிரண்டு. படகோட்டியும் குனிந்து பார்த்தார். பதிமூன்றைத் தாண்டியதும் கடிக்கிற பக்கம் சீறிக்கொண்டு பொழியத் தொடங்கியது, எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டோம். சிலிண்டரை மூடினேன். திருப்பிப் பார்த்தால், கருவியின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் அரம் வைத்துத் தேய்த்திருந்தது. யாரோ பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்ததைத் துடைத்துப் பெட்டியில் போட்டுப் புதுசு என்று இவன் தலையில் கட்டியிருக்கிறான் இதை விற்ற புண்ணியவான். நெட்டில் விற்கிற எல்லாருமே இப்படி என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஆள் இப்படி.

"இன்னும் அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்திருந்தேன்னா?" என்று கேட்டேன்.

அவன் வெளுத்துப்போயிருந்தான். "இவ்வளவு தூரம் இருக்கும்னு தெரியலக்கா."

"ஏன்டா? நான் செத்தா போய்ட்டேன்? என்கிட்ட வந்து ஒண்ணு எடுத்துட்டுப் போறதுக்கு என்ன?"

"அதான். எடுத்துட்டுத்தான் போகணும். நீ காசு வாங்க மாட்டே."

"என்னது?"

"பதினஞ்சு வருஷமா ஒரு தடவ வாங்கியிருக்கியா? ரெண்டு உடுப்பு, மூணு மாஸ்க்கு, பழைய ரெகுலேட்டர், கத்தி, எல்லாமே ஓசி. போன வருஷம் துடுப்புக்குப் பணம் குடுத்தேன். என் பிள்ள சட்டப் பையில திருப்பி வெச்சு அனுப்பின. கடையில யாவாரம் இல்லன்னு மாமா சொன்னாரு. நீயும் அன்னைக்குக் கேட்ட, காலணா குடுத்திருக்கியான்னு. பழசு போயிடுச்சு, புதுசு வேணும். உன்கிட்ட வந்தா அலமாரியில இருக்கறதுலயே பெருசத் தூக்கிக் குடுப்ப. நானாவது உன் கடையக் காலி பண்ணாம இருக்கலாம்னுதான் நெட்ல வாங்கினேன்."

அக்கா கடை பிழைக்கட்டும் என்று, அக்கா கடையைக் கவிழ்க்கிறவனிடம் போய் வாங்கியிருக்கிறான். எங்கள் வீட்டுப் பிள்ளையைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு மூளை வேலை செய்யும்? சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஓசி கொடுத்துக் கொடுத்து அவனைக் கடையை விட்டு விரட்டியது நான்தான். போர்டுகூட அப்புறம்தான்.

பையிலிருந்து புது ரெகுலேட்டரை எடுத்து அவன் சிலிண்டரில் பூட்டினேன். அதற்கும் கேஜ் மாட்டினேன். ஒன்பதரை. இரண்டு நிமிஷம் பார்த்தோம், முள் அசையவில்லை.

"அக்கா, இது அந்த அலமாரியில..."

"இரு."

சர்வீஸ் சீட்டு ஒன்று கையில் இருந்தது. அதன் பின்பக்கம் எழுதினேன். ரெகுலேட்டர் ஒன்று, விலை இவ்வளவு. கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினேன். வாங்கிப் பார்த்தவனுக்குக் கண் பிதுங்கியது.

"இது முழு வெலக்கா!"

"ஆமா."

"நெட்ல இதே..."

"சொல்லு. முழுசா சொல்லிப் பாரு."

அந்த உடைந்த பல் தெரியச் சிரித்தான். மூன்று மாசம் ஆயிற்று அந்தப் பல்லைப் பார்த்து.

"தம்பின்னு பாத்து கொஞ்சம் கொறச்சுக்கக் கூடாதா?"

"கஸ்டமருன்னு வந்துட்டா தம்பி என்ன, அண்ணன் என்ன? ஒரு பைசா கொறையாது. வேணுமா வேணாமா?"

போனை எடுத்து அங்கேயே பணம் அனுப்பினான். "நானும் வர்றேன், படகை எடுங்க" என்றேன். படகோட்டி மோட்டாரைக் கிளப்பினார்.

கூண்டுக்குப் போனதும் சின்னவன் தண்ணீரில் இறங்கினான். குமிழி மேலே வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சீராக வந்தது. அப்போது என் போன் அடித்தது. எங்கள் வீட்டுக்காரர்.

"அவன் எறங்கிட்டானா? நல்லாருக்கானா?"

"நல்லாருக்கான். நல்லதத்தான் மாட்டி விட்டிருக்கேன்."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "ஆமா, பணம் ஒண்ணு வந்திருக்கு. அலமாரியில இருந்தது வித்துடுச்சா? யாரும்மா?"

"ஒரு கஸ்டமர்."

"முழு வெலையா வந்திருக்கு! பேரம் பேசலையா?"

"பேசினான். நான் கொறைக்கல."

"மாப்ளகிட்டயா காசு வாங்கினே?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு அழுகை பொங்கிவிட்டது. படகோட்டி நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டேன். தண்ணீரில் குமிழி வந்துகொண்டிருந்தது. திருப்பி அனுப்பிய ஏழு பைகள் ஞாபகம் வந்தது. அந்த ஏழில் எது டிக் டிக் என்று சொன்னதோ? அந்த ஏழு பேருக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள்தானே.

"ஏங்க, அந்த ஏழு பேரு... யாரு என்னன்னு ஏதாவது தெரியுமா?"

"நம்பர் எழுதி வெச்சிருக்கேன்."

"எப்போ?"

"அவங்க போகும்போது, வாசல்ல. நீ உள்ள இருந்தே."

இந்த மனுஷனை என்ன செய்வது? சொல்லுங்கள். "எல்லாரையும் கூப்பிடுங்க. சாமானக் கொண்டு வரச் சொல்லுங்க. சர்வீஸுக்குக் காசு உண்டுன்னு மொதல்லயே சொல்லிடுங்க. தேங்க்ஸ வாங்கி வெச்சுக்காதீங்க. அந்தப் போர்டையும் கழட்டிடுங்க."

"நீ ஸ்கூட்டர எடுத்துட்டுப் போனதுமே மொத வேலையா அதத்தான் கழட்டினேன்" என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்துச் சின்னவன் மேலே வந்தான். படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்தான்.

"அக்கா, காத்து என்னமா வருது! மூச்சு விடறதே தெரியல. ஆனா ஒண்ணு. நெட்ல வாங்கினா ஏழு நாளைக்குள்ள திருப்பிக் குடுக்கலாம். உங்க கடையில எப்படி?"

அதை வாங்கிப் பார்த்தேன். புது ரப்பர். வலப்பக்கம் ஆழமாக, இடப்பக்கம் அரைப் பல். ஒரே முழுக்கில் பதித்துவிட்டான்.

"கடிச்சுட்டேடா. இனிமே எவன் வாங்குவான்? ஒழுங்கா ஆறு மாசத்துல சர்வீஸுக்குக் கொண்டு வா. அதுக்கும் காசு உண்டு."

"சரிங்க மேடம்" என்றான்.

நனைந்த தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தேன். அதற்கு மட்டும் காசு வாங்கவில்லை.